இறுதியாகாத முடிவு: இந்தியக் குற்றவியல் வழக்குகளில் ஜூரி முறை

ஆய்வுச் சுருக்கம்

இந்தியாவில் ஜூரி முறை ஒழிந்தமைக்கு 1959ஆம் ஆண்டின் நானாவதி வழக்கே காரணம் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. ஜூரியின் முடிவை இறுதியானதாக ஏற்காத சட்ட அமைப்பே அம்முறை நலிந்தமைக்கு அடிப்படைக் காரணம் என்பதை இக்கட்டுரை இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு, நானாவதி வழக்கு ஆகிய இரண்டின்வழி விளக்குகிறது.

குறிச்சொற்கள்: ஜூரி, அறங்கூறாயம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், இலட்சுமிகாந்தன் வழக்கு, நானாவதி வழக்கு

சொல்லும் பொருளும்

ஜூரி என்பதற்கு அறங்கூறாயம், நடுவர் குழு எனத் தமிழாக்கங்கள் வழங்குகின்றன. முன்னது சங்க இலக்கியம் பேசும் அறங்கூறவையத்தை நினைவூட்டுவது. சொல்லழகு கருதி அதனை ஏற்கலாம். ஆனால் அச்சொல்லைக் கொண்டே ஜூரி முறை பண்டைத் தமிழகத்தில் இருந்தது என நிறுவ முற்படுவது பொருந்தாது. அவையத்தார் அறம் அறிந்த சான்றோர். ஜூரியினரோ சட்டப் பயிற்சி இல்லாத பொதுமக்கள். ஒரு வழக்கிற்காகக் கூடி, முடிவைச் சொல்லிக் கலைபவர்கள். சட்டம் இன்னது என்பதை நீதிபதி எடுத்துரைப்பார். நிகழ்ந்தது என்ன, எதிரி குற்றம் புரிந்தாரா என்பதை ஜூரி முடிவு செய்யும். அம்முடிவுக்குக் காரணம் கூற வேண்டியதில்லை. இவ்வேறுபாடு கருதியே இங்கு ஜூரி என்னும் சொல்லே ஆளப்படுகிறது.

இங்கிலாந்தில் இம்முறையின் உயிர்நாடியாகக் கருதப்பட்டது முடிவின் சுதந்திரம். 1670இல் வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகியோரைத் தண்டிக்க மறுத்த ஜூரியினருக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. கட்ட மறுத்தவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான புஷல் தொடுத்த வழக்கில், முடிவுக்காக ஜூரியினரைத் தண்டித்தல் ஆகாது எனத் தலைமை நீதிபதி வாகன் தீர்ப்பளித்தார். அரசு ஒருவரைத் தண்டிக்க விழையும்போது, மக்களுள் சிலர் கூடி 'இவர் குற்றவாளி அல்லர்' என்று சொன்னால் அச்சொல்லே இறுதி. ஜூரி முறையின் பெருமை இதில்தான் தங்கியிருக்கிறது.

இந்தியாவிற்கு வந்த வடிவம்

இந்தியாவிற்கு வந்தது இந்தப் பெருமை நீங்கிய ஜூரி. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றத்தில் நடைபெறும் அமர்வு விசாரணையில் ஒன்பது பேர் கொண்ட ஜூரி அமரும். அவர்களுள் அறுவரேனும் ஒத்த கருத்தினராய் இருந்து, நீதிபதியும் அதற்கு உடன்பட்டால் தீர்ப்பு அவ்வாறே அமையும். மாவட்டங்களின் நிலை வேறு. எந்த மாவட்டத்தில், எவ்வகைக் குற்றங்களுக்கு ஜூரி என்பதை 269ஆம் பிரிவின்கீழ் அரசு முடிவு செய்தது. ஓர் ஆணையால் தந்ததை மற்றோர் ஆணையால் திரும்பப் பெறவும் முடிந்தது. ஏனைய இடங்களில் அசெசர்கள் எனப்பட்டோர் நீதிபதிக்குக் கருத்துரைத்தனர். அக்கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தவில்லை; 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவர்களும் மறைந்தனர்.

இவற்றினும் முதன்மையானது 307ஆம் பிரிவு. மாவட்ட ஜூரியின் முடிவை அமர்வு நீதிபதி ஏற்கவில்லை எனில், நீதியின் பொருட்டுத் தேவை என்று கருதும் நிலையில், வழக்கை உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பலாம். உயர்நீதிமன்றம் சாட்சியங்களை ஆராய்ந்து விடுவிக்கலாம், தண்டிக்கவும் செய்யலாம். 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே புகுந்துவிட்ட ஏற்பாடு இது. நம்பிக்கையின்மையிலும் பாகுபாடு இருந்தது. இல்பர்ட் மசோதாவிற்கு எழுந்த எதிர்ப்பையடுத்து இயற்றப்பட்ட 1884ஆம் ஆண்டுச் சட்டம், ஐரோப்பிய பிரித்தானியக் குடிகள் தம் வழக்கில் ஜூரியின் பாதிக்குக் குறையாதோர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும் எனக் கோரும் உரிமையை அளித்தது. ஆட்சியாளர் தமக்கு வேண்டிய இடத்தில் ஜூரியின் மதிப்பை நன்கு அறிந்தே இருந்தனர்.

சென்னை, 1945

'இந்து நேசன்' இதழை நடத்திய இலட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர். இவ்வழக்கைத் திரைப்பட வரலாற்றின் ஒரு பகுதியாகவே பெரும்பாலும் எழுதி வருகிறோம். சட்ட வரலாற்றில் அதற்குரிய இடம் போதிய கவனம் பெறவில்லை. உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரி விசாரணை நடைபெற்றது. ஆறுக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் இருவரும் குற்றவாளிகள் என ஜூரி முடிவு செய்தது. சட்டம் வேண்டிய குறைந்த அளவுப் பெரும்பான்மை அதுவே. 1945 மே மாதத்தில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

ஜூரி காரணம் கூறுவதில்லை என்பதால், அறுவர் எந்தச் சாட்சியத்தை நம்பினர், மூவர் எதனை ஐயுற்றனர் என்பதற்குப் பதிவு இல்லை. இத்தகைய முடிவை எதிர்த்துப் பொருண்மை அடிப்படையில் மேல்முறையீடு செய்ய முன்பு இடமிருக்கவில்லை. 1943இல் சேர்க்கப்பட்ட 411-அ பிரிவுதான், உரிய அனுமதியுடன், அவ்வழியைத் திறந்தது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. பிரிவி கவுன்சில் அதனை மறுவிசாரணைக்குத் திருப்பியனுப்பியது. 1947இல் இருவரும் விடுதலையாயினர். கொலை சில ஆண்டுகள் முன்னதாக நிகழ்ந்திருப்பின், அந்த ஆறுக்கு மூன்றே ஏறத்தாழ இறுதிச் சொல்லாக நின்றிருக்கும்.

பம்பாய், 1959

கடற்படை அதிகாரி நானாவதி, தம் மனைவியுடன் தொடர்பு கொண்டிருந்த பிரேம் அகுஜாவை 1959 ஏப்ரல் 27 அன்று சுட்டுக் கொன்றார். எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் அவர் குற்றவாளி அல்லர் என்றது ஜூரி. அதனை ஏற்காத அமர்வு நீதிபதி 307ஆம் பிரிவின்கீழ் வழக்கைப் பம்பாய் உயர்நீதிமன்றத்திற்கு அனுப்பினார். 1960 மார்ச்சில் உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 1961 நவம்பர் 24 அன்று உச்சநீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

'பிளிட்ஸ்' இதழின் பரப்புரைக்கு ஜூரி இரையானது என்பதே இவ்வழக்கைப் பற்றி வழங்கும் கதை. தீர்ப்பைப் படிப்போர் வேறொன்றையும் காண்பர். உயர்நீதிமன்றம் கண்ட குறைகள் நீதிபதி ஜூரிக்கு ஆற்றிய வழிகாட்டு உரையில் இருந்தன. சுட்டது தற்செயல் என்னும் எதிர்வாதத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரியுடையது என்பதை அவர் ஜூரிக்கு உணர்த்தவில்லை. சட்டத்தைத் தவறாகக் கேட்டவர்கள் தவறாக முடிவு செய்தனர் என்றால், பழி கேட்டவர்களை மட்டுமே சாருமா?

இரு வழக்குகளிலும் நீதிபதிகள் ஜூரியின் முடிவை மாற்றினர் என்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது. ஜூரி தண்டித்தவரை மேல்நீதிமன்றம் விடுவிப்பது குடிமகனுக்குக் கூடுதல் காப்பு. ஜூரி விடுவித்தவரைத் தண்டிப்பதோ அக்காப்பையே நீக்குவது. நானாவதி சுட்டார் என்பதில் ஐயமில்லாமையால் இரண்டாவதன் கடுமை நமக்கு உறைப்பதில்லை. ஆனால் அப்பிரிவு அவருக்காக இயற்றப்பட்டதன்று. ஏறத்தாழ 90 ஆண்டுகளாக ஜூரியின் விடுதலை முடிவுகளுக்கு மேல் நின்றிருந்தது.

நானாவதிக்கு முன்னும் பின்னும்

எம். சி. செதல்வாட் தலைமையிலான சட்ட ஆணையம் ஜூரி முறையை ஒழிக்குமாறு தனது 14ஆம் அறிக்கையில் பரிந்துரைத்த ஆண்டு 1958. அகுஜா அப்போது உயிருடன் இருந்தார். நானாவதி வழக்கிற்குப் பின்னரும் சில பகுதிகளில் ஜூரி விசாரணை தொடர்ந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் அதற்கு இடமில்லாது போயிற்று. குற்றவியலுக்கு வெளியே ஓர் எச்சம் மட்டும் உண்டு: 1936ஆம் ஆண்டுப் பார்சி திருமண, மணவிலக்குச் சட்டப்படி, நீதிபதியுடன் அச்சமூகத்தின் பிரதிநிதிகளும் அமர்ந்து வழக்கின் பொருண்மையை முடிவு செய்கின்றனர். முதலில் எழுவராக இருந்த அவர்களின் எண்ணிக்கை 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஐவராகக் குறைக்கப்பட்டது.