காளை பார்க்க நன்றாகத்தான் இருக்கும்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

நம் ஊரில் மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் டாக்டருக்குச் சொல்லி அனுப்புகிறோம். அவர் கேனைத் திறந்து, மைனஸ் 196 டிகிரி குளிரில் கிடந்த விந்துக் குச்சியை எடுத்துச் சினை ஊசி போட்டுவிட்டுப் போகிறார். அந்த விந்தைக் கொடுத்த காளையை நாம் கண்ணால் பார்த்ததில்லை. ஊட்டியிலோ ஓசூரிலோ ஈச்சங்கோட்டையிலோ உள்ள உறைவிந்து நிலையத்தில் யாரோ மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தேறியதைத்தான் குச்சியில் அடைத்திருக்கிறார்கள். ஆகவே சினை நிற்காவிட்டால் நமக்குச் சந்தேகம் மாட்டின் மேல்தான் போகிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா புல்வெளிகளில் நிலைமை வேறு. அங்கே இறைச்சிக்காக மாடு வளர்ப்பவர்களிடம் நூற்றுக்கணக்கில் மாடுகள் பரந்த மேய்ச்சல் நிலத்தில் திரிகின்றன. எந்த மாடு என்றைக்குப் பருவத்துக்கு வருகிறது என்று நின்று கவனிக்க ஆள் கிடையாது. கோடை தொடங்கியதும் காளைகளை உள்ளே விட்டு, இரண்டு மாதம் போல விட்டுவைத்து, பிறகு பிரித்துவிடுகிறார்கள். சினைக்காலம் சுமார் 283 நாள். ஜூன் கடைசியில் நின்ற சினை ஏப்ரல் தொடக்கத்தில் கன்றாகிவிடும். பனி விலகிப் புல் துளிர்க்கும் சமயத்துக்குக் கன்று எழுந்து நிற்க வேண்டும் என்பது கணக்கு.

ஒரு காளைக்கு 25 மாடு என்பது அங்கே பொதுவான வழக்கம். ஒரு மாடு மலடாகிப்போனால் ஒரு கன்று நஷ்டம், காளை மலடானால் 25 கன்று நஷ்டம். அதுவும் இலையுதிர்காலத்தில் சினை பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பருவம் முடிந்துபோயிருக்கும்.

முழு மலட்டுக் காளைகள் அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் சோதிக்காமல் விட்ட காளைகளில் 20 முதல் 40 சதவீதம் வரை ஏதோ ஒரு வகையில் இனவிருத்தித் திறன் குறைந்தவை. எனக்கு அதிகக் கவலை தருபவை இந்த அரைகுறைக் காளைகள்தான். இவற்றால் சினை பிடிக்கும், ஆனால் தாமதமாகப் பிடிக்கும். மாட்டின் பருவச் சுழற்சி 21 நாள். ஒரு சுற்று தவறினால் கன்று மூன்று வாரம் பிந்திப் பிறக்கும். பால் குடிக்கும் கன்று நாளொன்றுக்கு ஒரு கிலோ அளவில் எடை கூடும் என்பதால், விற்கும் நாளில் அது 20 கிலோ குறைவாக நிற்கும். இந்த நஷ்டத்துக்குக் காளைதான் காரணம் என்பது யாருக்கும் தோன்றாது.

சரி, காளையை எப்படிச் சோதிக்கிறார்கள்? டாக்டர் முதலில் காளையை நடக்கவிட்டுப் பார்ப்பார். மாட்டின் மேல் ஏறும்போது முழு எடையும் பின்னங்காலில் இறங்குகிறது. குளம்பிலோ மூட்டிலோ வலி இருந்தால் எவ்வளவு நல்ல விந்து இருந்தும் பயனில்லை. கண்ணையும் பார்ப்பார், ஏனென்றால் பருவத்துக்கு வந்த மாட்டைக் காளை பெரும்பாலும் பார்த்தே கண்டுபிடிக்கிறது. பிறகு இரும்புக் கூண்டில் நிறுத்தி விதைகளைத் தடவிப் பார்த்து, விதைப்பையின் சுற்றளவை நாடாவால் அளப்பார். 15 மாதக் காளைக்குக் குறைந்தது 30 செ.மீ., இரண்டு வயதைத் தாண்டியதற்கு 34 செ.மீ. இருக்க வேண்டும். இந்த அளவுக்கு இன்னொரு பயனும் உண்டு. சுற்றளவு பெரிதாக உள்ள காளைக்குப் பிறக்கும் கிடேரிகள் சீக்கிரமே பருவத்துக்கு வருகின்றன.

அடுத்தது விந்து. மின்தூண்டல் கருவியால் எடுத்து, உடனே சூடான கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். தகடு குளிர்ந்திருந்தால் நல்ல விந்தணுவும் அசையாமல் கிடக்கும், நல்ல காளைக்கு வீண்பழி வந்துசேரும். குறைந்தது 30 சதவீதம் நேராக முன்னோக்கி நீந்த வேண்டும். சாயமேற்றி ஒவ்வொன்றாக எண்ணினால் 70 சதவீதமாவது தலையும் வாலும் சரியான வடிவில் இருக்க வேண்டும்.

இதில் நாள் கணக்குத்தான் முக்கியம். ஒரு விந்தணு விதைக்குள் உருவாக சுமார் 61 நாள். முதிர்ந்து வெளிவர இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று மைக்ராஸ்கோப்பில் தெரிவது காளையின் இரண்டு மாதத்துக்கு முந்தைய உடல்நிலை. விதை உடம்பை விட நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். அதற்காகத்தான் அது உடம்புக்கு வெளியே தொங்குகிறது. காய்ச்சல் வந்தாலும் கடும் வெயில் அடித்தாலும் அந்தக் குளிர்ச்சி கெடும். ஆல்பர்ட்டாவில் மைனஸ் 30 டிகிரியில் படுக்கை வைக்கோல் இல்லாமல் கிடந்த காளைக்கு விதைப்பையின் அடிப்பகுதி பனியில் கருகிவிடும். கருகிய இடம் வீங்குகிறது, வீக்கத்தின் சூடு உள்ளே விந்தணுவைக் கெடுக்கிறது. தானியம் தின்று கொழுத்த காளைக்கோ விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்து சூட்டை வெளியே விடாது. ஏலத்தில் மினுமினுவென்று நிற்கும் காளையைச் சோதனைச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே காளையை உள்ளே விடுவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே சோதித்துவிட வேண்டும். சில காளைகளை டாக்டர் தேறவில்லை என்று தள்ளாமல், மறுபடி பார்க்கலாம் என்று நிறுத்திவைப்பார். 60 நாள் கழித்து அவற்றில் பல தேறிவிடும். கடைசி வாரத்தில் சோதித்தால் அந்த அவகாசம் எங்கே இருக்கிறது?

போன வருஷம் தேறிய காளைதானே என்று விட்டுவிடவும் கூடாது, ஒவ்வொரு வருஷமும் பார்க்க வேண்டும். பல பண்ணை மாடுகள் கலந்து மேயும் இடமாக இருந்தால் ட்ரைக்கோமோனியாசிஸ் என்ற தொற்றுக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். காளையிடம் எந்த அறிகுறியும் தெரியாது, மாடுகளுக்கோ கரு கலைந்துகொண்டே இருக்கும். தொற்றிய காளையைக் கழிப்பதைத் தவிர வழியில்லை.

இவ்வளவும் செய்தாலும் தெரியாத ஒன்று, காளைக்கு மாட்டின் மேல் நாட்டம் இருக்கிறதா என்பது. அதற்கு மைக்ராஸ்கோப் உதவாது. உள்ளே விட்ட முதல் சில வாரம் போய் நின்று பார்க்க வேண்டும். மூத்த காளை ஒன்று மற்றவற்றை அண்டவிடாமல் துரத்திக்கொண்டு, தானும் ஒழுங்காகச் சேராமல் இருந்தால் உடனே பிரிக்க வேண்டும். சேர்ந்த மாடுகள் பல மூன்று வாரம் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்தால் அன்றைக்கே காளையை மாற்ற வேண்டும். அந்த மாற்றுக் காளையையும் மற்றவற்றோடு சேர்த்து முன்கூட்டியே சோதித்து வைத்திருக்க வேண்டும்.