இனிஷியலில் நின்ற விசா: ஜெர்மனிக்குக் குடும்பத்தைக் கூட்டிப் போவது எப்படி?

இந்த எபிசோடை செண்பகனூர்ல, அம்மா வீட்டுல இருந்து ரெக்கார்ட் பண்றேன். வெளியே நல்ல மழை, தகரக் கூரைச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கோங்க.

எங்க தெருவுல ஒரு அக்கா. கல்யாணம் முடிஞ்ச எட்டாவது மாசம் அண்ணனுக்கு மியூனிக்ல வேலை கிடைச்சு கிளம்பிட்டார். அப்போ அக்கா மாசமா இருந்தாங்க. இப்போ பாப்பாவுக்கு ஒரு வயசு. போனைக் காட்டித்தான் "அப்பா"ன்னு சொல்லுது. ஜெர்மனியில ரூல்ஸ் ரொம்பக் கடுமை போலன்னு நினைச்சேன். விசாரிச்சா, சிக்கல் இங்கேயே இருக்கு.

முதல்ல அந்தப் பக்கத்து விதிகளைப் பார்த்துடலாம். கணவனோ மனைவியோ ஜெர்மனி போகணும்னா, பொதுவா ஏ1 அளவு ஜெர்மன் தெரிஞ்சிருக்கணும். இது 2007-ல வந்த விதி. ஆனா அங்கே இருக்கிறவர்கிட்ட ஐரோப்பிய 'புளூ கார்டு' இருந்தா, துணைக்கு இந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஜெர்மனி இந்தக் கார்டை 2012-ல இருந்து கொடுக்குது. ஐடி ஆளுங்க நிறைய பேர் இதுலதான் போறாங்க. துணையும் அங்கே போய் வேலை பார்க்கலாம், தனி அனுமதி வேண்டாம். அமெரிக்காவோட ஒப்பிட்டுப் பாருங்க: எச்-4 விசாவுல போறவங்களுக்கு வேலை அனுமதிங்கிறதே 2015-லதான் வந்தது, அதுவும் ஒரு பகுதியினருக்கு மட்டும். குழந்தைகளைப் பொறுத்தவரை, 18 வயசுக்குள்ள விண்ணப்பிக்கணும்.

விண்ணப்பத்தைச் சென்னையில கொடுக்கணும். கொடைக்கானல்ல இருந்து 500 கிலோமீட்டருக்கு மேல, கைக்குழந்தையோட ஒரு ராத்திரிப் பயணம். அண்ணன் இருக்கிற ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்தோட சம்மதமும் பொதுவா வேணும். அங்கே போய் இறங்கினதும் வீட்டு முகவரியை ரெண்டு வாரத்துக்குள்ள பதியணும், அப்புறம் தங்கும் அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கணும்.

இவ்வளவுதான். அப்போ அக்கா ஏன் இன்னும் இங்கே இருக்காங்க?

நாம கோட் எழுதும்போது ரெண்டு ஸ்ட்ரிங்கை ஒப்பிடுவோம்ல? ஒரு எழுத்து மாறினாலும் 'ஃபால்ஸ்'. பேப்பரைச் சரிபார்க்கிறவரும் கிட்டத்தட்ட அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இந்தியப் பாஸ்போர்ட்ல இனிஷியலை அப்படியே போட முடியாது, விரிச்சு எழுதணும். அக்கா பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கு. திருமணச் சான்றிதழ்ல வெறும் 'எஸ்.' மட்டும். பாப்பாவோட பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேரு மூணாவது விதமா இருக்கு. அந்த அலுவலகத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கு இவங்க மூணு பேரு. நமக்கு ஒரே அக்கா.

அதனால, கல்யாணம் ஆகப்போற நண்பர்களே, இதைக் குறிச்சுக்கோங்க.

ஒண்ணு: கோயில்ல தாலி கட்டினாலும் சர்ச்ல மோதிரம் மாத்தினாலும், தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்யணும். கெடு 90 நாள். தவறினா, அடுத்த 60 நாளுக்குள்ள கூடுதல் கட்டணத்தோட பதியலாம். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வெச்சு, ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க.

ரெண்டு: குழந்தை பிறந்ததைப் பதிஞ்சுட்டு, பேர் சேர்க்காம விட்டுடுறோம். 12 மாசம் வரைக்கும் கட்டணமே இல்லாம சேர்க்கலாம், அதுக்கப்புறம் 15 வருஷம் வரை கட்டணத்தோட. ஆனா பேர் இல்லாத சான்றிதழை வெச்சுக்கிட்டு எந்தப் பேர்ல விசா கேட்பீங்க? அம்மா, அப்பா ரெண்டு பேர் பெயரும் பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே அதுல வரணும்.

மூணு: இதையெல்லாம் வேலை கிடைச்சதுக்கு அப்புறம் தொடங்காதீங்க. வேலைக்குப் போறவர் சீக்கிரம் கிளம்பிடுவார். திருத்தத்துக்கு அலையிற பஸ் பயணம் எல்லாம் ஊர்ல இருக்கிறவங்க தலையிலதான், பெரும்பாலும் கைக்குழந்தையோட இருக்கிற ஒரு பொண்ணு தலையில.

போன வாரம் அக்காவுக்குத் திருத்தின திருமணச் சான்றிதழ் கைக்கு வந்துடுச்சு. பிறப்புச் சான்றிதழ் மட்டும் பாக்கி. பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டா. அந்த முதல் அடியையும் அண்ணன் வீடியோ கால்லதான் பார்த்தார்.

இந்த எபிசோடை, நிச்சயதார்த்தம் முடிஞ்ச உங்க நண்பர் யாருக்காவது அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!