ஒரு தலைநகர், இரு நினைவிடங்கள்

புது தில்லி: ஆண்டுதோறும் ஜனவரி 26-ஆம் தேதி காலை, குடியரசு தின அணிவகுப்பு தொடங்கும் முன்னர், பிரதமர் தேசிய போர் நினைவிடத்தில் மலர் வளையம் வைக்கிறார். எக்காளம் முழங்குகிறது, இரண்டு நிமிடம் மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. அதன் பின்னரே அவர் அணிவகுப்பு மேடைக்குச் செல்கிறார்.

2019 வரை இந்த அஞ்சலி இந்தியா கேட்டில் செலுத்தப்பட்டது. 1971 போரில் உயிர்நீத்தோர் நினைவாக, 1972 ஜனவரி 26-இல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி அங்கு அமர் ஜவான் ஜோதியைத் தொடங்கி வைத்தார். ஆனால், அந்த வளைவில் பொறிக்கப்பட்டிருப்பவை முதல் உலகப் போரிலும் 1919 ஆப்கன் போரிலும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பணியாற்றி மடிந்தவர்களின் பெயர்கள். சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்கு அங்கே சுடர் இருந்தது, பெயர் இல்லை.

தனி நினைவிடம் வேண்டும் என்ற கோரிக்கை 1960-இல் எழுந்தது. அது நிறைவேறியது 2019 பிப்ரவரி 25-இல். 1947-48 காஷ்மீர் போர் முதல் 1962, 1965, 1971, கார்கில் போர்கள் வரையிலும், இலங்கைக்குச் சென்ற அமைதி காக்கும் படையிலும் உயிரிழந்தோர் உள்பட 25,942 பேரின் பெயர்கள் அங்கு இடம்பெற்றன. 2022 ஜனவரி 21-இல் பழைய சுடரை அங்குள்ள சுடருடன் இணைத்தபோது, வரலாறு அழிக்கப்படுவதாக எதிர்க்கட்சிகள் கண்டித்தன. பெயர்கள் உள்ள இடத்தில் சுடர் இருப்பதே முறை என்றது அரசு.

அந்த வாதத்தை ஏற்றாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நினைவிடம் திறக்கப்படுவதற்கு 11 நாள்களுக்கு முன்பு, புல்வாமாவில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் பயங்கரவாதத் தாக்குதலில் கொல்லப்பட்டனர். துணை ராணுவப் படைகள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. எனவே அவற்றின் வீரர்களுக்கான இடம், சாணக்கியபுரியில் 2018-இல் திறக்கப்பட்ட தேசிய காவலர் நினைவிடம். அங்கு அஞ்சலி நாள் அக்டோபர் 21; 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையினரின் தாக்குதலில் 10 காவலர்கள் மடிந்த நாள் அது.

முப்படைகளுக்கும் காவல் துறைக்கும் பணி வேறு, அமைச்சகம் வேறு என்பது நிர்வாகரீதியில் சரியே. ஆயினும், 1959-இல் அந்தக் காவலர்களும் 1962-இல் ராணுவ வீரர்களும் எதிர்கொண்டது ஒரே நாட்டின் படையை. குடியரசு தினத்தன்று தேசத்தின் பெயரால் வைக்கப்படும் மலர் வளையம் ஒரு நினைவிடத்துக்கு மட்டுமே செல்கிறது. மற்றொரு நினைவிடத்தில் பெயருள்ளவர்களின் குடும்பங்கள் அக்டோபர் வரை காத்திருக்கின்றன.