ட்ரோன் மூலம் வயலை அளக்கலாமா? துவாக்குடி பகுதி விவசாயிகள் கவனத்திற்கு

வயலை ட்ரோனில் அளந்து தருகிறோம் என்று யாராவது வந்தால், கூலி பேசும் முன் இங்கே பறக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை மட்டுமே இந்தச் சலுகை. அதைவிட நெருங்கினால் அனுமதி கட்டாயம். சிவப்பு மண்டலத்துக்கு மத்திய அரசே அனுமதி தர வேண்டும். துவாக்குடிக்கு ஒரு பக்கம் திருச்சி விமான நிலையம். அருகிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை. எனவே பக்கத்து ஊரில் பறந்ததை வைத்து முடிவு செய்யாமல், 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் உங்கள் வயல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

ட்ரோன் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கும். அவற்றைக் கணினி ஒரே வரைபடமாக இணைக்கும். தண்ணீர் தேங்கும் இடம், பயிர் வெளுத்த திட்டு, மேடு பள்ளம் எல்லாம் நன்றாகத் தெரியும். இதற்கு அது அருமையான கருவி.

வரப்புத் தகராறுக்கு மட்டும் அதை நம்பி இறங்காதீர்கள். சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். 100 மீட்டர் நீள வரப்பு 5 மீட்டர் நகர்ந்து தெரிந்தாலே 12 சென்ட் வித்தியாசம்! ஆர்.டி.கே. கருவி இருந்தால் பிழை சில சென்டிமீட்டராகக் குறையும். அப்போதும் எல்லையை முடிவு செய்வது புலப்படமும் அரசு நில அளவரும்தான். திருவெறும்பூர் வட்டாட்சியர் அலுவலகம் வழியாக அளக்க விண்ணப்பிக்கலாம். மத்திய அரசு 2020-ல் தொடங்கிய ஸ்வமித்வா ட்ரோன் அளவீடும் ஊர்க் குடியிருப்புப் பகுதிக்கானதே, வயலுக்கு அல்ல.

காட்டுப்பன்றி எங்கே ஒதுங்குகிறது என்று பார்க்க, உடல் சூட்டைக் காட்டும் வெப்பக் கேமரா வேண்டும். வெயில் ஏறினால் பாறையும் மண்ணும் சூடாகி விலங்கு தனியாகத் தெரியாது. விடியற்காலைதான் ஏற்ற நேரம். அடர்ந்த கருவேலப் புதருக்குள் படுத்திருந்தால் அப்போதும் தெரியாமல் போகலாம். மயிலைக் கண்டால் ட்ரோனை வைத்துத் துரத்த வேண்டாம். அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு பெற்ற பறவை. வழக்கு வந்தால் ட்ரோன் வைத்திருப்பவரோடு நீங்களும் பதில் சொல்ல நேரிடும். சேதம் அதிகம் என்றால் படத்துடன் வனத்துறையிடம் மனு கொடுங்கள்.