திரிகையும் அடுப்பும்: பொம்பெய் ரொட்டிக்கூடம்

இடுப்புயரம் நிற்கும் இந்தக் கற்களைத் தூண்கள் என்று எண்ணிவிட வேண்டாம். இவை மாவரைத்த திரிகைகள். கூம்பு போன்ற அடிக்கல் அசையாது. உடுக்கை போல இடை சிறுத்த மேல்கல் அதன்மீது கவிந்து சுழலும். மேலே கொட்டிய கோதுமை இரண்டுக்கும் நடுவே அரைபட்டு, மாவாகக் கீழே சரியும். நுண்துளைகள் நிறைந்த எரிமலைக் கல் என்பதால் தேய்ந்தாலும் சொரசொரப்பு போகாது.

மேல்கல்லின் இடுப்பில் உள்ள சதுரத் துளையைக் கிட்ட வந்து பாருங்கள். அதில் மரச்சட்டம் செருகிக் கழுதையைப் பூட்டினார்கள். செக்குமாடு போல நாளெல்லாம் அதே வட்டம். 2023-இல் பண்டைய ரோமானிய நகரான பொம்பெயில் வெளிப்பட்ட ஒரு ரொட்டிக்கூடத்தின் சிறு ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. கழுதைகளோடு அடிமைகளையும் அங்கே அடைத்து வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். பொம்பெய் தின்ற ரொட்டியில் அவர்கள் உழைப்பும் இருந்தது.

பின்னால் உள்ளது செங்கல் அடுப்பு. கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மூடிக் கிடந்த இப்படிப்பட்ட இன்னொரு அடுப்பை 1862-இல் திறந்தார்கள். உள்ளே கரியாகிப்போன 81 ரொட்டிகள். வட்ட வட்டமாக, பிய்த்துத் தின்ன வாகாக மேலே எட்டுக் கூறாகக் கீறியவை. பொம்பெயில் கிடைத்த ரொட்டிகளை நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் காணலாம்.