எண்ணிக்கையில் உண்டு, ஊதியக் கணக்கில் இல்லை

நிறுவனங்களின் ஆண்டறிக்கை கைக்கு வந்தால், தலைவரின் உரையையும் லாபக் கணக்கையும் தாண்டிப் பின்பக்கங்களுக்குச் செல்வது என் வழக்கம். எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஊதியம் தரப்படுகிறது என்ற விவரம் அங்கேதான் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் என்பது நமக்குப் புதிதல்ல. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே அதை வலியுறுத்தியது. வேலையளிப்போர் அதற்கெனப் பதிவேடு பராமரிக்க வேண்டும் என்றும் கூறியது. ஆனால், அது ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கான பதிவேடு, பொதுமக்கள் பார்வைக்கானதல்ல. அந்த நிலையை ஓரளவு மாற்றியது பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான 'செபி'. அதன் 2021 மே மாதச் சுற்றறிக்கையின்படி, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் 'பிஆர்எஸ்ஆர்' என்ற அறிக்கையை வெளியிடுவது கட்டாயம். ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர், மகப்பேறு விடுப்பில் சென்றவர்களில் எத்தனை பேர் பணிக்குத் திரும்பினர், இருபாலரின் இடைநிலை ஊதியம் என்ன என்பனவெல்லாம் அதில் இடம்பெற வேண்டும்.

இந்த 'இடைநிலை' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. ஊதியங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பதே இடைநிலை அளவு. ஒரு நிறுவனத்தில் ஐந்து பெண்கள் இருப்பதாகக் கொள்வோம். மாத ஊதியம் முறையே ரூ.15,000, ரூ.15,000, ரூ.18,000, ரூ.40,000, ரூ.60,000. இடைநிலை ரூ.18,000. இப்போது ரூ.15,000 பெறும் தூய்மைப் பணியாளர்கள் இருவரையும் நிர்வாகம் ஒப்பந்ததாரரிடம் மாற்றிவிடுகிறது. மிச்சமிருக்கும் மூவரின் இடைநிலை ரூ.40,000. எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. அறிக்கையிலோ பெண்களின் ஊதியம் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்துவிட்டது!

இது வெறும் கற்பனைக் கணக்கல்ல. நான் பார்த்த சில அறிக்கைகளில், ஆள்கணக்குப் பட்டியலில் நிரந்தரமல்லாதோர் இடம்பெறுகின்றனர். ஊதியப் பட்டியலுக்கு வந்தால், 'நிரந்தரப் பணியாளர்கள் மட்டும்' என்ற அடிக்குறிப்பு நிற்கிறது. படிவம் நிரப்பப்பட்டுவிட்டது, விதி பின்பற்றப்பட்டுவிட்டது. குறைந்த ஊதியம் பெறுபவர்தான் காணாமல் போய்விட்டார்.

பிரிட்டனில் 2017 முதல் நடப்பில் உள்ள விதி வேறு விதமானது. 250 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் எந்த நிறுவனமும், பங்குச் சந்தையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலின ஊதிய இடைவெளியை அரசு இணையதளத்தில் பதிவிட வேண்டும். சராசரி, இடைநிலை இரண்டையும் தருவதோடு, ஊழியர்களை ஊதிய வரிசைப்படி நான்கு சம பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் பெண்களின் பங்கு எவ்வளவு என்றும் காட்ட வேண்டும். நம் விதியோ பங்குச் சந்தையோடு கட்டப்பட்டிருக்கிறது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவருக்கு மேல் தமிழகத்தில் இருக்கின்றனர். அவர்களில் பலர் உழைக்கும் நூற்பாலைகளும் ஆடை ஆலைகளும் பெரும்பாலும் பட்டியலிடப்படாத குடும்ப நிறுவனங்கள். அவற்றுக்கு இந்த அறிக்கையே கிடையாது.

சாதியைப் பற்றியும் படிவத்தின் பணியாளர் பட்டியலில் கேள்வி இல்லை. அமெரிக்காவில் பெரிய தனியார் நிறுவனங்கள் 1966 முதல் இனவாரியாகவும் பணியாளர் கணக்கை அரசுக்கு அளித்து வருகின்றன. தனியார் துறை இடஒதுக்கீடு குறித்து இங்கு பல்லாண்டுகளாக வாதிடுகிறோம், கையில் கணக்கே இல்லாமல்!

இத்தகைய விவரங்களைத் திரட்டுவது பெரும் சுமை என்பது நிறுவனங்களின் வாதம். வருங்கால வைப்பு நிதிக்கும் இஎஸ்ஐக்கும் ஆள்வாரியாக மாதந்தோறும் கணக்குக் கொடுப்பவர்கள் சொல்லும்போது அதை ஏற்பது கடினம். ஒப்பந்தத் தொழிலாளரையும் இடைநிலை ஊதியக் கணக்கில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று செபி தெளிவுபடுத்தினால், பாதிச் சிக்கல் தீரும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம். ஈவுத்தொகை எவ்வளவு என்று கேட்பவர்களில் சிலராவது, அலுவலகத்தைப் பெருக்கும் பெண்கள் அந்த இடைநிலை ஊதியத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்றும் கேட்கலாம்.