தமிழ் இளையோர் நாவல்: வாசகரைக் கண்டடைதலும் எழுதுதலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் குழந்தை இலக்கியம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதழ்கள், எழுத்தாளர் சங்கம், வரலாற்று நூல் ஆகியவற்றோடு ஒரு தனித்துறையாக நிலைபெற்றது. ஆயினும் 13 முதல் 17 வயது வரையுள்ள வாசகரை அத்துறை தனியே வரையறுத்துக்கொள்ளவில்லை. அவ்விடைவெளி உருவான முறையை இக்கட்டுரை விளக்குகிறது. பிஞ்சுகள், வெக்கை, ஆயிஷா, மரப்பாச்சி சொன்ன ரகசியம் ஆகிய நான்கு புனைவுகளை ஒப்பிட்டு, இளையோர் நாவலுக்குரிய அளவுகோலையும் வகுக்க முற்படுகிறது. கதைமாந்தரின் வயதும் கதைப்பொருளும் அவ்வளவுகோல் ஆகா. கதை எந்த வயதின் அறிவெல்லைக்குள் நின்று சொல்லப்படுகிறது என்பதே அளவுகோல் என்பது இக்கட்டுரையின் முடிவு.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், இளையோர் நாவல், பதின்பருவம், அறிவெல்லை, மொழிநடை, நூலகம்.

முன்னுரை

குழந்தை இலக்கியம், சிறுவர் இலக்கியம், சிறார் இலக்கியம், இளையோர் இலக்கியம் என்னும் நான்கு தொடர்கள் இன்று வழக்கில் உள்ளன. முதல் மூன்றும் பெரும்பாலும் ஒரே பொருளில் ஆளப்படுகின்றன. 'சிறுவர்' என்னும் சொல் ஆண்பாலைச் சுட்டுவதாகக் கொள்ளப்படும் ஐயத்தைத் தவிர்க்கவே 'சிறார்' என்பது விரும்பப்படுகிறது. நான்காவது தொடர் அண்மைக்காலத்தது. நூலட்டைகளில் இடம்பெறத் தொடங்கியிருப்பினும், அதன் எல்லை ஆய்வுலகில் தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

குழந்தை இலக்கிய வரலாறுகள் பாடல், கதை, நாடகம், அறிவியல் என இலக்கிய வகையாலும், ஆசிரியர் வரிசையாலும் தம்மைப் பகுத்துக்கொண்டன. பூவண்ணனின் 'குழந்தை இலக்கிய வரலாறு' இத்துறைக்கு அடித்தளம் இட்ட நூல். ஆயினும் வகையால் பகுக்கும் நெறியில் ஐந்து வயதுக் குழந்தையும் பதினைந்து வயது மாணவரும் ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடுகின்றனர். வாசகரின் வயதால் பகுத்து நோக்கும்போதுதான் எந்தப் பருவத்தினருக்கு நூல் மிகுதி, எந்தப் பருவத்தினருக்குக் குறைவு என்பது புலப்படும்.

பருவப் பெயர்களும் வாசகப் பருவமும்

பருவங்களைப் பெயரிட்டுப் பகுப்பதில் தமிழ் மரபு பின்தங்கியதன்று. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பது சொற்களைத் தொகுத்துரைக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக்கிப் பாடுகிறது. உலா இலக்கியம் பெண்டிரைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழு பருவத்தினராகக் காட்டுகிறது. இவற்றுள் மடந்தைப் பருவம் 14 முதல் 19 வயது வரை என்பது பெருவழக்கான கணக்கு. ஆண்பாற்குரிய பருவப் பெயர்களுள் 'விடலை' என்பதும் ஒன்று.

எனவே பதின்பருவத்தைச் சுட்டும் சொல் தமிழில் இல்லாமலில்லை. ஆனால் இவ்விலக்கியங்களில் அப்பருவத்தினர் பாடப்படுவோராக உள்ளனரேயன்றிக் கேட்போராக இல்லை. பிள்ளைத்தமிழின் கேட்போர் அவையோரும் அடியாரும் ஆவர். பாட்டுடைக் குழந்தை கேட்பதாகப் பாடும் முறை ஓர் இலக்கிய உத்தி. உலாவில் மங்கையும் மடந்தையும் தலைவனைக் காணும் காட்சிப் பொருளாகின்றனர்.

இளையோரைக் கேட்போராகக் கொண்ட மரபு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலிய நீதிநூல்களில் உண்டு. அங்கே பேசுவோர் அறிந்தவர், கேட்போர் அறியாதவர். பாடுதல், அறிவுறுத்தல் என்னும் இவ்விரு நிலைகளிலிருந்தும் வேறுபட்டுக் குழந்தையோடு நின்று பேசும் மூன்றாம் நிலை நவீன காலத்தது. கவிமணியும் அழ. வள்ளியப்பாவும் (1922–1989) அந்நிலையைப் பாடலில் உறுதிப்படுத்தினர். பதின்பருவ வாசகருக்கு அதே நிலை உரைநடையில் எப்போது வாய்த்தது என்பதே அடுத்த வினா.

இதழ்கள் வகுத்த எல்லை

1947 ஜூலையில் சென்னையிலிருந்து 'அம்புலிமாமா' வெளிவரத் தொடங்கியது. 1950இல் கலைமகள் நிறுவனம் 'கண்ணன்' இதழைத் தொடங்கியது. ஆர்வி அதன் ஆசிரியர். அதே ஆண்டில் வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. 1972இல் 'கோகுலம்' தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' வெளிவரலாயிற்று.

இவற்றுள் 'கண்ணன்' பதின்பருவத்தினருக்கு மிக அணுக்கமாக நின்றது. அது நடத்திய நாவல் போட்டியில், பின்னாளில் தமிழ்ப் புனைவுலகின் முதன்மைப் படைப்பாளருள் ஒருவராக விளங்கிய அம்பை தம் பதின்ம வயதில் எழுதிய 'நந்திமலைச் சாரலிலே' என்னும் துப்பறியும் நாவல் பரிசு பெற்றது. பதின்பருவத்தவர் ஒருவர் ஏறத்தாழத் தம் வயதினருக்கே எழுதி, அதனை ஓர் இதழ் மதித்து ஏற்ற நிகழ்வு இது. இளையோரை எழுதத் தகுதியுடையோராகக் கருதிய இதழ், அவர்களை வளர்ந்த வாசகராகவும் கருதியது எனக் கொள்ளலாம்.

அதன் பின்னர் பதின்பருவ வாசிப்பின் பெரும்பங்கு மொழிபெயர்ப்பின் வசம் சென்றது. முத்து காமிக்ஸின் முதல் வெளியீடான 'இரும்புக்கை மாயாவி' பிரித்தானியச் சித்திரக்கதையின் தமிழாக்கம். அதன் நாயகன் வளர்ந்த ஆண், களம் அயல்நாடு. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் நூல்கள் மற்றொரு வாயில். கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' வழியாகக் கல்விக்காகப் போராடும் ஒரு மலைநாட்டுச் சிறுமியைத் தமிழ் வாசகர் அறிந்தனர். இவற்றின் பயன் பெரிது. எனினும் தம் ஊர், தம் பள்ளி, தம் சாதி, தம் உடல் ஆகியவை பற்றிய வினாக்களோடு பதின்பருவத்தை அடைந்த வாசகருக்கு, அவ்வினாக்களைத் தம் வயதிலிருந்தே கேட்கும் தமிழ் நாவல் அரிதாகவே கிடைத்தது.

நான்கு புனைவுகள்: கதைசொல்லலின் அறிவெல்லை

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரியும் கரிசல் காட்டுச் சிறுவனைப் பற்றியது. அவனுக்குத் தெரிந்தது மிகுதி. எந்தப் பறவை எங்கே கூடு கட்டும் என்னும் அறிவில் அவன் பெரியவர்களுக்கு நிகராக நிற்கிறான். கதைசொல்லி அவனுக்கு மேலே நின்று திருத்துவதில்லை. வளர்தல் என்பதை அறியாமை நீங்குதலாகக் காட்டாமல், ஓர் அறிவுலகிலிருந்து மற்றோர் அறிவுலகிற்குப் பெயர்தலாகக் காட்டுவது இக்குறுநாவலின் தனிச்சிறப்பு.

பூமணியின் 'வெக்கை' (1982) பொது வாசகருக்கான நாவல். அதன் நாயகன் சிதம்பரம் பதினைந்து வயதினன். தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டுத் தந்தையோடு காட்டில் மறைந்து திரியும் நாள்களே கதை. கொலை, நிலம், அதிகாரம் ஆகியவை பேசப்படினும் கதை சிறுவனின் பார்வையை விட்டு நெடுந்தூரம் விலகுவதில்லை. பசி, உறக்கம், வெடிகுண்டு செய்தல், தாயின் நினைவு ஆகியவை அவன் உணரும் அளவிலேயே வருகின்றன. 'இவ்வளவு சிறு வயதில்' என இரங்கும் பெரியவரின் குரல் கதைசொல்லலில் மேலோங்குவதில்லை. தந்தையும் மகனும் ஒருவரையொருவர் இணையாக மதித்துப் பேசும் உரையாடல்களே நாவலின் உயிர்நிலை.

இரா. நடராசனின் 'ஆயிஷா' கணையாழி இதழில் குறுநாவலாக வெளிவந்து, பின்னர்ச் சிறுநூலாகப் பள்ளிகள் தோறும் பரவியது. வினாக் கேட்பதற்காக அடிபடும் ஒரு மாணவி, அவ்வலியை உணராதிருக்கத் தன் உடலிலேயே மருந்தைச் செலுத்திப் பார்த்து இறந்துபோகிறாள். அவளுடைய ஆசிரியை தாம் எழுதிய அறிவியல் நூலுக்கு முன்னுரையாக இதனைச் சொல்கிறார். ஆகவே மாணவியின் அறிவு வேட்கை ஆசிரியையின் குற்றவுணர்வின் வழியாகவே வாசகரை அடைகிறது. இதன் நேர்முக வாசகர் ஆசிரியர்களே. மாணவர்கள் இதனைத் தம் கதையாக ஏற்றது உண்மை. ஆனால் தம்மில் ஒருத்தியைப் பெரியவர்கள் எவ்வாறு இழந்தனர் என்பதையே அவர்கள் இதில் படிக்கின்றனர். ஆயிஷா எவ்வாறு வாழ்ந்திருக்கக்கூடும் என்பதைப் படிக்க வழியில்லை.

2020ஆம் ஆண்டிற்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சிறார் மீதான பாலியல் சீண்டலைக் கதைப்பொருளாகக் கொண்டது. தமிழ்ச் சிறார் புனைவு பேசத் தயங்கிய பொருளை அது துணிந்து பேசியது. சிறுமியிடம் உண்மையை எடுத்துச் சொல்வது ஒரு மரப்பாச்சிப் பொம்மை. 2023ஆம் ஆண்டிற்கான விருதைப் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யும் கீழடியின் தொன்மையை ஒரு பொம்மையின் வழியே திறக்கிறது. மழலைப் பருவத்தின் விளையாட்டுப் பொருள் பதின்பருவத்தின் வாயிலில் நிற்போருக்கு வழிகாட்டியாவது இரு நூல்களுக்கும் பொது. இது தற்செயலான ஒற்றுமை எனத் தள்ளத்தக்கதன்று. நேரே சொல்லத் தடையுள்ள பொருளைச் சொல்லவும், பெற்றோரும் ஆசிரியரும் தயக்கமின்றி நூலைக் குழந்தையின் கையில் கொடுக்கவும் அப்பொம்மை உதவுகிறது.

நான்கையும் ஒப்புநோக்கின் ஒரு முரண் வெளிப்படுகிறது. பள்ளியைக் களமாகக் கொண்டு மாணவர் கையில் மிகுதியாகச் சேர்ந்த 'ஆயிஷா' பெரியவரின் அறிவெல்லையில் நிற்கிறது. இளையோர்க்கெனத் திட்டமிட்டு எழுதப்படாத 'வெக்கை' பதினைந்து வயதின் அறிவெல்லையில் நிற்கிறது. ஆனால் அதன் வன்செயல் காரணமாகப் பள்ளி நூலகம் அதனை ஏற்கத் தயங்கும். இதனால் ஒரு நூலின் அட்டையில் உள்ள வயதுக் குறிப்பும் அந்நூலின் கதைசொல்லல் கொண்டுள்ள வயதும் வேறுவேறாக இருத்தல் கூடும் என்பது தெளிவாகிறது.

மொழிநடை

இளையோர்க்கு எழுதுவோர் எதிர்கொள்ளும் அடுத்த சிக்கல் மொழிநடை. மழலையர் பாடலில் எளிய சொல், சிறு தொடர், ஓசை ஆகியவை போதும். பதின்பருவக் கதைமாந்தர் அவ்வாறு பேசமாட்டார். அவருடைய பேச்சில் வட்டார வழக்கும், வகுப்பறை ஆங்கிலமும், நண்பர் குழுவின் மறைமொழியும் கலந்துள்ளன. அதனை எழுத்துத் தமிழாகத் திருத்தினால் உரையாடல் பாடநூலின் வினாவிடையாகிவிடும். அப்படியே பெயர்த்தெழுதினாலோ சில ஆண்டுகளில் அவ்வழக்கு மாறிப்போக, நூல் பழமைப்பட்டுவிடும்.

இதற்கு விடை 'பிஞ்சுகள்' முதலிய நூல்களிலேயே உண்டு. கரிசல் சொற்களை அறியாத நகர வாசகரும் அக்குறுநாவலைப் படிக்க முடிகிறது. சொல்லுக்குரிய பொருளைச் செயலே விளக்கிவிடுகிறது. எனவே தெரியாத சொல் இளைய வாசகருக்குத் தடையன்று. தமக்குத் தெரியாதென்று எண்ணி ஆசிரியர் கதையை நிறுத்தி விளக்கும் இடமே தடை. அறிவுரையும் இத்தகையதே. நிகழ்ச்சி முன்னரே உணர்த்திய ஒன்றைக் கதையின் இறுதியில் மீண்டும் சொல்லும் பத்தியை இளைய வாசகர் தம்மேல் கொண்ட ஐயமாகவே எடுத்துக்கொள்வர்.

நூல் வாசகரை அடையும் வழி

பதின்பருவ வாசகர் பெரும்பாலும் நூலைத் தாமே விலைக்கு வாங்குவதில்லை. பெற்றோர், ஆசிரியர், நூலகர், விருதுக்குழு ஆகியோர் இடையில் நிற்கின்றனர். பால சாகித்திய புரஸ்கார் 9 முதல் 16 வயது வரையுள்ள வாசகருக்கான நூல்களை ஒரே பிரிவில் வைக்கிறது. தமிழ்நாடு அரசின் பள்ளிக்கல்வித் துறை வெளியிடும் இதழ்களுள் 'ஊஞ்சல்' 4, 5ஆம் வகுப்பினருக்கும் 'தேன்சிட்டு' 6 முதல் 9 வரையுள்ள வகுப்பினருக்கும் உரியவை. வயதால் பகுக்கும் இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆனால் பகுப்பு பொதுத்தேர்வு வகுப்புகளின் வாயிலில் நின்றுவிடுகிறது. மாணவர் மிகுந்த வினாக்களோடு இருக்கும் அவ்வாண்டுகளில் பாடநூல் அல்லாத நூல் அவர் கைக்கு எட்டுவது அரிதாகிறது.

இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை (1948). அச்சட்டத்தின் வழிவந்த நூலகங்கள் பலவற்றில் சிறுவர் பகுதி உண்டு. பொதுப் பகுதி உண்டு. இரண்டிற்கும் இடையே ஓர் அடுக்கு அமைக்கப் புதிய கட்டடம் தேவையில்லை. 'பிஞ்சுகள்', 'முதல் ஆசிரியர்' முதலிய நூல்கள் முன்னரே அங்கே உள்ளன. அவை இருக்கும் பகுதிதான் அவற்றைப் பதின்பருவத்தினரின் கண்ணுக்கு மறைக்கிறது. எவ்வெந்நூல்களை அவ்வடுக்கில் வைக்கலாம் என்பதை முடிவுசெய்வது நூலகருக்கு மட்டும் உரிய பணியன்று. அது ஆய்வாளரின் பணியும் ஆகும்.

முடிவுரை

தமிழ் மரபு பதின்பருவத்தைப் பெயரிட்டு அறிந்திருந்தும் அப்பருவத்தினரைப் புனைவின் கேட்போராகக் கொள்ளவில்லை. நவீனக் குழந்தை இலக்கியம் மழலையரோடு நின்று பேசக் கற்றது. அத்திறன் பதின்பருவத்தை எட்டும் முன்னரே அவ்விடத்தை மொழிபெயர்ப்பும் சித்திரக்கதையும் நிரப்பின. கதைசொல்லலின் அறிவெல்லை என்னும் அளவுகோலைக் கொண்டு நோக்கின், இளையோர் நாவல் எனக் கொள்ளத்தக்கவை பொது நாவல் வரிசையிலும் மறைந்திருப்பது தெரியவருகிறது. இளையோர்க்கென எழுதப்பட்டவற்றுள் சில உண்மையில் பெரியவரை நோக்கிப் பேசுவதும் தெரியவருகிறது.

இவ்வளவுகோலால் 'கண்ணன்' முதலிய இதழ்களின் தொடர்கதைகளையும் வட்டார நாவல்களையும் மீள வாசித்துத் தொகுத்தல் இனிச் செய்யத்தக்க பணி. அத்தொகுப்பு கைவரின், புதிதாக எழுத வருவோர் தமக்கு முன்னோடிகள் இல்லை என எண்ண வேண்டியதில்லை. கோகுலத்தை முடித்துவிட்டு அடுத்து எதைப் படிப்பது என வினவும் மாணவருக்கும் தமிழிலேயே விடை சொல்ல இயலும்.